ஐஸ் பழக்கம் மூளையின் மரபணுவை மாற்றிவிடுமா?

தங்கச்சி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இரவு ஓட்டத்தில் தூக்கம் வரக்கூடாது என்று தொட்ட ஐஸ் என்ற போதைப்பொருள், சியாபு என்கிறோமே அது, பழக்கமாகிவிட்டது. மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்து ஐந்து மாதம் ஒழுங்காக இருந்தவர், தீபாவளி கழிந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டார். அதற்குள் கோயில் மண்டபத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒருவர், போதைப்பொருள் மூளையில் இருக்கும் மரபணுவையே மாற்றிவிடும் என்று பேசியிருக்கிறார். மரபணுவே மாறிவிட்டதென்றால் இனி வைத்தியம் பார்த்து என்ன பயன் என்று கேட்கிறீர்கள். அப்பா சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தே போனவர், அப்படியானால் இது எங்கள் ரத்தத்தில் ஓடுகிறதா என்கிறீர்கள். தம்பி மனைவி முழுகாமல் இருக்கிறார், அந்தக் குழந்தைக்கும் வருமா என்றும் ஒரு வரி. இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாத ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த ஐந்து மாதமும் அவர் நடித்தாரா, இல்லை உண்மையிலேயே முடியாமல் போனதா என்பதுதான் அது.

நான் மருந்தாளர். பினாங்கில் மருந்தியல் முதுகலை படித்தபோது ஆய்வகத்தில் எலிகளோடு கொஞ்ச காலம், அப்புறம் பேராக்கில் தோட்டங்கள் சூழ்ந்த சிறுநகரம் ஒன்றின் அரசு கிளினிக்கில், ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தின் கவுண்டரில் நீண்ட காலம். மனநல மருத்துவர் இல்லை. உங்கள் தம்பியைப் பார்க்காமல் அவர் நிலைமை இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. மூளைக்குள் என்ன நடக்கிறது, அதில் எது உறுதி, எது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

மேடையில் பேசியவர் சொன்னதில் பாதி சரி. உங்கள் தம்பி பிறக்கும்போது கொண்டுவந்த மரபணுக்கள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. ஐஸ் அந்த எழுத்தை அழித்து எழுதுவதில்லை. எந்த மரபணு எந்த நேரத்தில் எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் அது கை வைக்கிறது. பழைய தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், இல்லாவிட்டால் அம்மாவைக் கேளுங்கள். கிராணியின் (கணக்கரின்) செக்ரோல் என்ற பெயர்ப் பட்டியலில் எல்லார் பெயரும் இருக்கும். இன்றைக்கு யாருக்குப் பால்வெட்டு, யாருக்கு மருந்தடி, யாரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்பது விடியற்காலையில்தான் முடிவாகும். பெயர்ப் பட்டியல் மாறாமலே ஒரு தோட்டத்தின் வேலை தலைகீழாகிவிட முடியும். மனித உடலின் அநேகமாக ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் புரதம் செய்யத் தெரிந்தவை. கல்லீரல் செல்லிலும் மூளை செல்லிலும் இருக்கும் பட்டியல் ஒன்றேதான். வேலைக்குக் கூப்பிடப்படுபவை வேறு வேறு.

கூப்பிடுவது எப்படி என்றால், ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் வரும். அவ்வளவும் ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றிக்கிடக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் இருக்கும் மரபணுவைச் செல்லால் வாசிக்க முடியாது, தளர்ந்த இடத்தில் முடியும். ஹிஸ்டோனின் மேல் அசிட்டைல் என்ற சிறு மூலக்கூறு ஒட்டினால் பெரும்பாலும் தளரும். மெத்தில் என்ற இன்னொன்று ஒட்டினால் எந்த இடத்தில் ஒட்டியது என்பதைப் பொறுத்து இறுகும் அல்லது தளரும். டி.என்.ஏ.வின் மேலேயே மெத்தில் ஒட்டுவதும் உண்டு. இவை நோயாளிகளுக்கு மட்டும் நடக்கும் விஷயங்கள் இல்லை. நீங்கள் இதை வாசித்து நினைவில் வைத்துக்கொள்ளும்போதும் உங்கள் மூளை செல்களில் இதே வேலை நடக்கிறது. கற்றுக்கொள்வதற்கென்று உடல் வைத்திருக்கும் வழிமுறையைத்தான் போதைப்பொருள் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஐஸ் என்பது மெத்தம்ஃபெட்டமின். மூளையில் ஆசையோடும் இன்பத்தோடும் தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு முனைகளுக்குள் இது நுழைந்து, உள்ளே சேமித்து வைத்திருக்கும் டோபமைனை வெளியே தள்ளிவிடுகிறது. கொக்கெய்ன் வெளியே வந்த டோபமைன் திரும்ப உள்ளே போகாமல் தடுப்பதோடு நின்றுகொள்ளும். ஐஸ் அதையும் செய்து, இருப்பையும் கொட்டும். ரத்தத்தில் பாதி அளவு குறையவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், கொக்கெய்னுக்கு அது ஒரு மணி நேரம் அளவுதான். இரவு முழுக்கக் கண் விழித்து லாரி ஓட்ட முடிவது இதனால்தான். அப்புறம் இரண்டு நாள் எழுப்ப முடியாமல் தூங்குவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

டோபமைன் வெள்ளமாக வந்து தொடும் இடங்களில் முக்கியமானது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதி. அங்குள்ள செல்களில் சேதி உட்கருவரை போகிறது, சில மரபணுக்கள் உடனே விழித்துக்கொள்கின்றன. சி-ஃபாஸ் என்ற மரபணு ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து சில மணி நேரத்தில் அடங்கிவிடும். 1990 வாக்கிலேயே எலிகளில் இதைக் காட்டிவிட்டார்கள். இது மட்டுமே என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

சிக்கல் திரும்பத் திரும்ப எடுக்கும்போது வருகிறது. ஃபாஸ்-பி என்ற இன்னொரு மரபணுவிலிருந்து வால் பகுதி வெட்டுப்பட்ட புரதம் ஒன்று உண்டாகிறது. அதன் பெயர் டெல்டா ஃபாஸ்-பி. சாதாரணமாக ஒரு புரதத்தைச் சிதைத்துத் தள்ளுவதற்கு உதவும் பகுதி அந்த வாலில்தான் இருக்கிறது. வால் இல்லாததால் இது லேசில் அழிவதில்லை. முழு நீளப் புரதம் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். டெல்டா ஃபாஸ்-பி பாதியாவதற்கு எலி மூளையில் ஏறத்தாழ எட்டு நாள் ஆகிறது. தினம் எடுப்பவருக்கு நேற்றையது போவதற்குள் இன்றையது வந்து சேர்ந்துகொள்ளும். எரிக் நெஸ்ட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. போதைப்பொருளே கொடுக்காமல், மூளையின் அந்தப் பகுதியில் இந்தப் புரதம் மட்டும் அதிகமாக உண்டாகும்படி சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை மற்ற சுண்டெலிகளைவிடக் குறைந்த கொக்கெய்னுக்கே வசப்பட்டன, அதைப் பெறுவதற்கு அதிகமாக உழைக்கவும் செய்தன. கொக்கெய்ன் பழக்கத்தோடு இறந்துபோன மனிதர்களின் மூளையிலும் இந்தப் புரதம் கூடியிருந்ததை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இடையில் ஒரு விஷயம்: இனிப்பு தின்னும் எலியிலும், சக்கரத்தில் ஓடி விளையாடும் எலியிலும்கூட இது கொஞ்சம் கூடும். அதற்காக லட்டும் ஐஸும் ஒன்றுதான் என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம்.

சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு நாளில் பாதி என்றால் இரண்டு மாதத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. உங்கள் தம்பி விழுந்தது ஐந்து மாதம் கழித்து. அப்படியானால் இந்தப் புரதத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. அது இருக்கும் காலத்தில் செய்துவிட்டுப் போகும் வேலைதான் முக்கியம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. ஹிஸ்டோனில் மெத்திலை ஒட்டி மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும் நொதி ஒன்று இருக்கிறது, பெயர் ஜி9ஏ. தொடர்ந்து கொக்கெய்ன் கொடுத்த சுண்டெலிகளில் அது குறைந்துபோவதை 2010-இல் காட்டினார்கள். அது குறைந்ததும் அடங்கியிருந்த மரபணுக்கள் எழுந்து, நரம்பு செல்லின் கிளைகளில் புதுப்புது முளைகள் கிளம்பின. அந்த முளைகள்தான் ஒரு செல் இன்னொரு செல்லோடு தொடர்புகொள்ளும் இடங்கள். ஆக, முதலில் கிளப்பிவிட்டது போய்விட்டாலும் அது போட்டுவைத்த இணைப்புகளில் சில தங்கிவிடலாம். எவை தங்குகின்றன, மனிதனை மாதங்கள் கழித்து மறுபடி இழுப்பதில் எந்த அடையாளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் இன்னும் முடிவாகாத விஷயம். இந்தத் துறையின் பெரும்பகுதி எலியிலும் சுண்டெலியிலும் செய்தது, அதிலும் கொக்கெய்னை வைத்துச் செய்தது. ஐஸை வைத்துச் செய்தவையும் இதே திசையைத்தான் காட்டுகின்றன, ஆனால் ஒவ்வொரு விவரமும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையிலிருந்து செல்லை எடுத்து வாரா வாரம் பார்க்கவும் முடியாதே.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இன்னொரு எலி ஆய்வு, 2001-இல் வந்தது. கொக்கெய்னுக்குப் பழகிய எலிகளுக்கு அதை நிறுத்திவிட்டு, அது கிடைத்தபோது எரிந்த விளக்கையும் ஒலித்த சத்தத்தையும் மட்டும் மறுபடி காட்டினார்கள். நிறுத்திய முதல் நாளைவிட ஒரு மாதம் கழித்துத்தான் அவை அதிகமாகத் தேடின. இரண்டு மாதத்தில் இன்னும் அதிகம். பின்னால் மெத்தம்ஃபெட்டமினிலும் இதே போக்கைக் கண்டார்கள். நாள் ஆக ஆக ஆசை குறையும் என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தூண்டும் பொருள் கண்ணில் படும்போது எழும் ஆசை கொஞ்ச காலத்துக்கு ஏறவும் கூடும்.

இதைக் கவுண்டரிலேயே பார்த்திருக்கிறேன். மெத்தடோன் சிரப்பைக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்போம். எங்கள் கண்முன் குடித்துவிட்டுத் தண்ணீரும் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகவேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஹெராயினை விட்டு வருடக்கணக்கான ஒருவர் ஒழுங்காக வருவார், பேத்திக்குப் பள்ளிப் புத்தகப்பை வாங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என் பக்கத்தில் நின்ற தாதி சாக்லேட் ஒன்றைப் பிரித்தார். அந்த அலுமினியத் தாளின் சரசரப்பு கேட்டதும் அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். நெற்றியில் வேர்வை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனார். தாளில் வைத்துத்தான் அந்தக் காலத்தில் இழுத்திருக்கிறார். திரும்பி வந்து, "எனக்கு வேணாம்னுதான் இருக்கு, உடம்பு கேக்குது சார்" என்றார். அவர் அன்றைக்குப் போய் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அதுவரை நடித்தார் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் தம்பி மையத்திலிருந்து வந்து உட்கார்ந்தது அதே லாரியில், அதே இரவு ஓட்டத்தில், ஆலைக்கு வெளியே அதே கூட்டாளிகள் வரிசையில் நிற்கும் இடத்தில்தானே? தீபாவளிக் கூட்டாளிகளைப் பற்றி நீங்கள் எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

முதல் கேள்வியில் மிச்சம் இருப்பது, திரும்புமா என்பது. நோரா வால்கோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2001-இல் ஐஸ் பழக்கத்திலிருந்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தது. டோபமைனைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் புரதம் அவர்களுக்குக் குறைந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் தொடாமல் இருந்தவர்களை மறுபடி எடுத்தபோது அது ஒரு பகுதியில் 19 விழுக்காடும் இன்னொரு பகுதியில் 16 விழுக்காடும் ஏறியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் மறுபடி எடுக்கப்பட்டது ஐந்தே பேரை. ஞாபகசக்தி, கைவேகச் சோதனைகளில் அவ்வளவு முன்னேற்றமும் இல்லை. மனிதர்களில் மரபணு அடையாளம் திரும்புவதற்கு நல்ல சாட்சி சிகரெட்டில் இருக்கிறது. புகைப்பவர்களின் ரத்த செல்களில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் மேல் இருக்கும் மெத்தில் குறைந்துவிடும், விட்டுவிட்டால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்ப ஏறும். ரத்தம் வேறு, மூளை வேறு என்பது உண்மைதான். என்றாலும் இந்த அடையாளங்கள் எல்லாம் நிரந்தரம் என்று நினைக்கத் தேவையில்லை. ஆக என் பதில்: கொஞ்சம் வாரங்களில் போகும், கொஞ்சம் மாதங்களில், சில வருடங்களில். சில தங்கலாம், அவற்றோடு வாழ மற்ற இணைப்புகள் பலப்படவேண்டும். அந்தக் காலம் முழுவதும் திரும்ப எடுக்காமல் இருப்பதற்குத்தான் வைத்தியம். முதல் சில மாதங்களில் எதிலும் மனசு ஒட்டவில்லை, சாப்பாடு மண்ணாட்டம் இருக்கிறது என்று அவர் சொன்னால் அதற்கும் உயிரியல் காரணம் உண்டு. மகிழ்ச்சியைத் தணித்துவிடும் டைனார்ஃபின் என்ற பொருளைச் செய்யும் மரபணுவும் போதைப்பொருளால் தூண்டப்படுகிறது.

அப்பாவின் சம்சு. இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள், போதைப்பழக்கத்துக்கு ஆளாவதில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு பரம்பரையால் வருவது என்கின்றன. இதை உங்கள் தம்பிக்கு வந்த நோயில் பாதி அப்பா கொடுத்தது என்று வாசிக்கக் கூடாது. அது ஒரு சமூகத்தையே மொத்தமாகப் பார்க்கும் கணக்கு, தனி ஒருவருக்குப் பொருந்தாது. போதைக்கென்று ஒரே மரபணு கிடையாது. சிறுசிறு பங்குள்ள பல மரபணுக்கள் இருக்கின்றன, எதிர்த்திசையில் இழுப்பவையும் உண்டு. நம் சீன நண்பர்கள் சிலர் அரை கிளாஸ் பீரிலேயே முகம் சிவந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். மதுவைச் சிதைக்கும் நொதி ஒன்றின் மரபணு அவர்களுக்குச் சற்று வேறாக இருப்பதால் அப்படி. அதுவே அவர்களைக் குடிக்கு அடிமையாகாமல் ஓரளவு காக்கிறது. அப்புறம், அப்பா கொடுத்தது மரபணு மட்டுமா? சம்பள நாள் இரவில் லயத்து வாசலில் நடந்த சண்டையும் அவர் கொடுத்ததுதான். அந்தப் பாதியையும் கணக்கில் சேர்க்கவேண்டும். நீங்களும் அதே அப்பாவின் பிள்ளை என்பதை மறந்துவிடாதீர்கள்.

குழந்தையைப் பற்றி. தம்பி மனைவி எதையும் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே பெரிய நிம்மதி. தாய் கர்ப்ப காலத்தில் எடுத்தால் குழந்தைக்கு நேரடியாகப் போகும். அப்பாவின் பழக்கம் விந்தணு வழியாக அடையாளங்களை விட்டுச் செல்லுமா என்பதுதான் உங்கள் கேள்வி. எலிகளில் சில தடயங்கள் இருக்கின்றன, ஆனால் நாம் பயப்படும் திசையில் மட்டும் இல்லை. 2013-இல் வந்த ஆய்வு ஒன்றில், கொக்கெய்ன் எடுத்த ஆண் எலிகளின் மகன்கள் மற்ற எலிகளைவிடக் குறைவாகவே கொக்கெய்னை நாடின. மகள்களிடம் அந்த வேறுபாடு இல்லை. வேறு சில சோதனைகளில் பிள்ளைகளின் கற்கும் திறன் குறைந்திருந்தது. மனிதர்களில் இப்படி நடக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதனால் பிறக்கப்போகும் பிள்ளையின் மேல் இப்போதே முத்திரை குத்திவிடாதீர்கள், உறவுக்காரர்கள் குத்தினாலும் விடாதீர்கள். வீட்டுக்குள் புகை இருக்கக்கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

இப்போது வைத்தியம். ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதைப்போல ஐஸுக்குக் கைகண்ட மாத்திரை கிடையாது. நம் மலேசியாவில் மெத்தடோன் திட்டம் 2005-இல் வந்தது, அது ஹெராயின்காரர்களுக்கு மட்டும் பயன்படும். அமெரிக்காவில் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் பியூப்ரோபியன் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 13.6 விழுக்காட்டினருக்குப் பலன், வெற்று மருந்து எடுத்தவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கு. வித்தியாசம் உண்மையானது, ஆனால் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவும் கைகொடுக்கவில்லை. இன்றைக்கு ஆதாரம் அதிகமாக இருப்பது மருந்தில்லாத முறைகளுக்கு. சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் சிறு பரிசோ பற்றுச்சீட்டோ கொடுப்பது அதில் முதன்மையானது. கேட்டால் சிரிப்பு வரும், பல ஆய்வுகளில் வேலை செய்திருக்கிறது. எங்கே எப்போது ஆசை கிளம்புகிறது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பிடித்து, அதற்கு மாற்று வழி பழகுவது இன்னொன்று. ஏஏடிகே என்ற தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் தானாக முன்வந்து சிகிச்சை கேட்கும் வழியும் இருக்கிறது. கைதாகித்தான் போகவேண்டும் என்பதில்லை.

இடத்தை மாற்றுவதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையானார். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் ஊர் திரும்பியபின் தொடர்ந்து பார்த்தபோது, முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் 5 விழுக்காடு அளவுதான். அவர்கள் மூளையிலும் மரபணுக்களின் வேலை மாறித்தான் இருந்திருக்கும். தூண்டும் இடமும் ஆட்களும் கடலுக்கு அப்பால் போய்விட்டன. உங்கள் தம்பியைக் கப்பலேற்றச் சொல்லவில்லை. இரவு ஓட்டத்தை விட்டுவிட்டுப் பகல் வேலை, முடிந்தால் ஆலைக்குள்ளேயே வேறு வேலை, பழைய எண்கள் இல்லாத புதுக் கைத்தொலைபேசி, சம்பளத்தைக் கொஞ்ச காலம் மனைவி கையில் கொடுப்பது. கூலி குறையும், தெரியும். தூக்கமின்மையே ஐஸைத் தேடவைக்கும் காரணமாக இருக்கும்போது இரவு லாரியை விடாமல் இதை விடுவது மிகக் கஷ்டம். அவர் தேறிவிட்டதாகத் தோன்றும் மூன்றாம், நான்காம் மாதத்தில் வீட்டில் எல்லாரும் மூச்சுவிட்டு, கிளினிக் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் அதிகமாகத் தவறுவது அங்கேதான்.

போதை மரபணுவைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்ற விளம்பரத்தையும் அனுப்பியிருந்தீர்கள். எச்சிலிலோ ரத்தத்திலோ பார்த்து மூளை செல்லின் நிலையைச் சொல்லும் சோதனை மருத்துவத்தில் கிடையாது. காசு கட்டவேண்டாம்.

கடைசியாக, நீங்கள் பாதி வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒன்று. கூரை மேல் யாரோ நடக்கிறார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐஸ் எடுப்பவர்களுக்கு இது வருவதுண்டு, பலருக்கு நிறுத்திய சில நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டாலோ, கத்தியோடு கதவருகே உட்கார்ந்தாலோ, சாகவேண்டும் என்று பேசினாலோ அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். என்ன எடுத்தார், கடைசியாக எப்போது எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மந்திரிப்பது, கயிறு கட்டுவது எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவரோடு தனியாக உட்கார்ந்திருக்கும் வேலையைக் கர்ப்பிணி மனைவியிடம் விடாதீர்கள்.